ஒரு பக்கத்தில் அடங்காத பாட்டுகள்

இசைத்தட்டு வெட்டுகிறவளுக்குக் கடிகாரம்தான் மாமியார்; என்ன செய்து வைத்தாலும் நேரம் கூடிப்போச்சு என்றுதான் சொல்லும்.

கையளவு இடத்தைக் காட்டி வண்டியளவு சரக்கை ஏற்றச் சொல்லும் வாடிக்கையாளரிடம் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் பெயர் போட வேண்டிவந்த அச்சகக்காரர்கள், ஒரு ஜாக்கெட் துணியில் மகளுக்கும் சேர்த்துத் தைக்க வேண்டிவந்த டெய்லர்கள், பொங்கலுக்கு முந்தின நாள் பஸ்ஸில் டிக்கெட் போட்ட கண்டக்டர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை மரக்காணத்தில், ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டி இருக்கிறது. முன்பு உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த கொட்டகை. அதில் ரேவதி என்கிற நானும் அன்வர் பாயும். நான் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்த்தவள். அன்வர் பாய் இந்த ஊர்க்காரர், கல்யாண மைக்செட்டும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் செய்தவர். பாண்டிச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் இருந்த ஒரு ஜெர்மன்காரர் சொந்த ஊருக்குத் திரும்பியபோது தன்னுடைய பழைய தட்டு வெட்டும் மெஷினை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். உப்புக் காற்றில் அது துருப்பிடிக்காமல் இருக்க பாய் தினமும் அதற்கு எண்ணெய் தடவி, பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோல் துடைப்பார்.

வேலை இதுதான். வெறும் பிளாஸ்டிக் தட்டு மெஷினில் சுற்றும். பாட்டு ஓட ஓட, சூடான ஊசி அதில் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் ஒரே நீளக் கோடாக வெட்டிக்கொண்டு போகும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் என்றால் நன்றாக இருக்கும். அதற்கு மேல் திணித்தால் கோடுகளை நெருக்க வேண்டும், நெருக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். சினிமாப் பாட்டு, கானா, பக்திப் பாட்டு எதற்கும் இதனால் தொல்லை கிடையாது. தொல்லை எல்லாம் ப்ராக் ராக் என்கிற நீள ராக் பாட்டு ஆட்களிடம்தான். அவர்கள் பாட்டு முதலில் காற்றுச் சத்தத்தில் தொடங்கும். பிறகு கீபோர்டு, பிறகு புல்லாங்குழல், நடுவில் மூன்று தரம் தாளம் மாறும். அப்பாடா முடிந்தது என்று நாம் எழுந்திருக்கும்போது இரண்டாம் பாகம் தொடங்கும்.

ஒரே பக்கத்தில் போடுங்க

அப்படி முதலில் வந்தவர்கள் சென்னையிலிருந்து நான்கு பையன்கள். ஒரே பாட்டு, நாற்பது நிமிஷத்துக்கு மேல். இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். நால்வர் முகமும் ஒரே நேரத்தில் வாடியது. அது ஒரு பயணமாம், பயணத்தை நடுவில் நிறுத்தக் கூடாதாம். பாண்டிச்சேரி பஸ்ஸே மாமல்லபுரத்தில் டீக்கு நிறுத்துகிறது என்று பாய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ஒரே பக்கத்தில்தான் வேண்டும் என்று நின்றார்கள்.

சொல்லிப் புரிய வைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று, கோடுகளை முடிந்தவரை நெருக்கி, சத்தத்தை முடிந்தவரை குறைத்து ஒரு மாதிரித் தட்டு வெட்டினேன். முழுப் பாட்டும் ஒரு பக்கத்தில் அடங்கியது. பையன்கள் கைதட்டினார்கள். ப்ளேயரில் வைத்தோம். எதுவும் கேட்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினோம். வெளியே காகத்தை விரட்டினோம். எல்லோரும் ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ டிவி பார்ப்பதுபோல் ஒரு முணுமுணுப்பு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டிரம்ஸ் வாசிக்கும் பையன் நிமிர்ந்தான்.

"அக்கா, கடல் சத்தம் சூப்பரா கேக்குது. எங்க பாட்டு எப்பக்கா ஆரம்பிக்கும்?"

தனித்தனியாக வந்த நால்வர்

பிரிக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் எங்கே பிரிப்பது என்று கூடிப் பேசி முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் கூடி வரவில்லை. முதலில் டிரம்ஸ் பையன் மட்டும் பைக்கில் வந்தான். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றான். மரக்காணத்தில் அவனுக்கு என்ன வேலை இருக்கும் என்று நான் கேட்கவில்லை. பேச்சுவாக்கில், தன்னுடைய தனி ஆவர்த்தனத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், கீபோர்டு பகுதியில் வெட்டினால் யாருக்கும் தெரியாது என்றான். அடுத்த நாள் கீபோர்டுக்காரன் வந்தான். டிரம்ஸ் நடுவில் வெட்டினால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றான். பிறகு கிட்டார்காரன், பிறகு பேஸ்காரன். நால்வரும் மத்தவனுங்ககிட்ட சொல்லாதீங்க என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதற்கு மேல் முடியாது என்று நால்வரையும் வரவழைத்து, கொட்டகையிலேயே முழுப் பாட்டையும் ஒருதரம் வாசித்துக் காட்டச் சொன்னேன். மே மாதம், தகரக் கூரை. நடுவாந்திரத்தில் ஒரு இடம் வந்தது. கீபோர்டு ஒரே சுரத்தைப் பிடித்தபடி நிற்கிறது. டிரம்ஸ்காரன் குச்சியை மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைக்கிறான். கிட்டார்காரன் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறான். பேஸ்காரன் அதற்குக் கை நீட்டுகிறான். கீபோர்டுக்காரன்கூட ஒரு கையால் சுரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். நான் கையைத் தூக்கி நிறுத்தி, இங்கேதான் என்றேன். நால்வரும் ஒருவர் கையில் இருந்ததை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அங்கேதான் வெட்டினோம், இரண்டு பக்கமும் நன்றாகவே கேட்டது. பாட்டிலை வைத்திருந்த கிட்டார்காரன்தான் அன்றைக்கு முதலில் பேசினான்.

"பயணம் பயணம்னு நாங்களேதான் சொல்லிக்கிட்டிருந்தோம், இங்க ஒரு ஸ்டாப்பிங் போட்டு வெச்சிருக்கோம்னு எங்களுக்கே தெரியலக்கா."

ஊசி தாண்டிய இடம்

பேஸ் கிட்டார் என்றால் எனக்கு உள்ளூரப் பயம். மெல்லிய சத்தத்துக்குக் கோடு லேசாக நெளியும். பேஸ் வந்தால் கோடு அகலமாக அலையும். பக்கத்துக் கோட்டுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் சுவர், உப்பளத்துப் பாத்திக்கு வரப்பு மாதிரி. ஒரு பாத்தியில் தண்ணீர் முட்டினால் வரப்பு உடைந்து அடுத்த பாத்திக்குள் போய்விடும். பெங்களூரிலிருந்து தன் அம்மாவுடன் வந்த ஒரு தம்பிக்கு இதை உப்பளத்தைக் கைநீட்டிக் காட்டியே விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னுடைய பேஸை மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்ற முடியுமா என்றான்.

ஏற்றினேன். கேட்டுப் பார்க்கும்போது ஊசி இரண்டாம் பகுதியில் ஒரு குதி குதித்து நான்காம் பகுதியில் விழுந்து, அங்கிருந்து ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. நடுவில் இருந்த பாட்டுக்காரியின் பகுதி முழுசாகக் காணோம். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மூலையில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

"ரூமுல ஜன்னல் அதிரும்போது நான் சொன்னா கேக்கல, இப்ப ஊசியே எழுந்து ஓடுது பாரு."

சிவப்புத் துணி

வெட்டும் வேலையில் பின்னால் போய்த் திருத்துவது கிடையாது. ஊசி இறங்கிவிட்டால் இருபது நிமிஷமும் பூமி அசையக் கூடாது. எங்கள் வாசலில் உப்பு லாரி போகிறது. ஒரு புல்லாங்குழல்காரரின் பாட்டை வெட்டும்போது, அவர் மூச்சே இல்லாத மாதிரி வாசிக்கும் இடத்தில் தவறாமல் ஒரு லாரி வந்தது. தட்டைப் போட்டுக் கேட்டால் குழலுக்கு அடியில் ஒரு உறுமல். மெஷினுக்கு அடியில் கருங்கல் பலகை வைத்தோம், பலகைக்கு அடியில் மணல் பரப்பினோம். உறுமல் குறைந்ததே தவிரப் போகவில்லை. மூன்று தட்டு வீணானதும் அன்வர் பாய் ரோட்டில் போய் நின்று ஒரு லாரியை மறித்தார்.

ஓட்டி வந்தவர் கலியமூர்த்தி என்கிற பெரியவர். சண்டைக்குத்தான் இறங்கினார். பாய் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, வீணான தட்டைப் போட்டு, இது குழல், இது உங்க வண்டி என்று காட்டினார். கலியமூர்த்தி திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். இது தன் வண்டிதான், பின் ஸ்பிரிங்கில் ஒரு சத்தம் வரும், அது இதில் தெளிவாக விழுந்திருக்கிறது என்று அந்தத் தட்டையே கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் ப்ளேயர் கிடையாது, லாரியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். அதற்கப்புறம் ஒரு ஏற்பாடு. நாங்கள் வெட்டும்போது கேட்டில் சிவப்புத் துணி கட்டுவோம். அதைப் பார்த்தால் உப்பு லாரிகள் முன்னாலேயே டீக்கடையில் நின்றுவிடும்.

புல்லாங்குழல்காரரின் தட்டு சுத்தமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் துணியை அவிழ்க்க மறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். கை கழுவ வெளியே வந்தால் டீக்கடையிலிருந்து வளைவு வரைக்கும் லாரி நிற்கிறது. கலியமூர்த்தி கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கோபமாக இல்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

"ஏம்பா பாய், அந்தக் குழல்காரரு இன்னுமா ஊதுறாரு? பாவம், மூச்சு தாங்குமா?"

கரன்ட் போட்ட முடிவு

இது சின்னது. மழைக்காலம். பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு கோஷ்டியின் பாட்டு கடைசி நிமிஷத்தில் இருக்கும்போது கரன்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் தட்டு சுற்றுவது மெதுவாகிவிட்டது. மெதுவாகச் சுற்றும்போது வெட்டியது, போட்டுக் கேட்கும்போது வேகமாக ஓடும். கேட்டுப் பார்த்தபோது, உச்சத்தில் கத்திக்கொண்டிருந்த பாடகரின் குரல் அப்படியே அலங்கோலமாக மாறி, சுருதி ஏறி, கிழிந்த விசில் மாதிரி ஆகி, கரகரவென்று நின்றது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தட்டு தயார் செய்கிறேன் என்றேன். பாடகர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேற தட்டுலயும் இதே இடத்துல கரன்ட் போக ஏதாவது வழி இருக்குதாங்க?"

இரண்டு நாற்காலி

மாலதியும் கிருபாவும் கணவன் மனைவியாக இருந்தவர்கள். அவள் பாடுவாள், அவர் கிட்டார். குயிலாப்பாளையத்தில் இருந்தபோது இருவரும் சேர்ந்து ஒரு நீளப் பாட்டு செய்து பதிவு செய்திருந்தார்கள். அது வெளிவருவதற்குள் பிரிந்துவிட்டார்கள். அவள் பாண்டிச்சேரியில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், அவர் பெங்களூர் போய்விட்டார். கோஷ்டியில் மற்ற மூவரும் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு கச்சேரியும் அதோடு இந்தத் தட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டு பேரையும் எங்கள் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு, அந்த மூவரும் டீக்கடைக்குத் தப்பி ஓடினார்கள். இன்றைக்கு முடிவாகவில்லை என்றால் இந்தப் பாட்டு எப்போதும் வெளிவராது என்று அதில் ஒருவர் என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

பாய் போட்ட இரண்டு நாற்காலியை ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பேச்செல்லாம் என் வழியாகத்தான். அவர்கிட்ட சொல்லுங்க, அவங்ககிட்ட சொல்லுங்க என்று நான் நடுவில் தபால்காரி. பிரச்சினை, பாட்டை எங்கே இரண்டு பக்கமாகப் பிரிப்பது என்பதுதான். தட்டில் வெளி ஓரம்தான் மெத்தை போட்ட இடம், சத்தம் பளிச்சென்று இருக்கும். உள்ளே போகப் போக மங்கும். மாலதி பாடும் பகுதி பாட்டின் நடுவில் வருகிறது. அது முடிந்ததும் வெட்டினால், அவள் குரல் முதல் பக்கத்தின் கடைசியில் மங்கும் இடத்தில் போய் விழும். கிருபாவின் கிட்டார் இரண்டாம் பக்கத்தை நல்ல இடத்தில் தொடங்கும். அவள் பாடுவதற்கு முன்னால் வெட்டினால் அவளுக்கு நல்ல இடம். ஆனால் இரண்டாம் பக்கம் நீண்டுபோய், கிட்டார் கடைசியில் நெருக்கடியில் மாட்டும். அவர் முதலாவது வேண்டும் என்றார், அவள் இரண்டாவது.

அவர் கேட்டபடி முதலில் ஒன்று வெட்டிப் போட்டேன். மாலதியின் குரல் வந்தது. வார்த்தை ஒவ்வொன்றும் ஓரம் தேய்ந்து, ஈரச் சாக்குக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருந்தது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருபா இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். முடிந்ததும் என்னைப் பார்த்து, "இது அவ குரல் இல்ல, மாத்திடுங்க" என்றார். அப்படியானால் உங்கள் கிட்டார் மங்கும் என்றேன். தெரியும் என்றார். அப்போதுதான் மாலதி நாற்காலியைத் திருப்பினாள். அந்தப் பாட்டே கிட்டாரில்தான் முடிகிறது, அதை மங்கவிட்டால் பாட்டு எதற்கு, முதலில் வெட்டியதே இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னாள். அவர் முடியாது என்றார். சண்டை அப்படியே தலைகீழாகத் திரும்பி, ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து மறுபடியும் முட்டிக்கொண்டு நின்றது. முன்னாடி போட்ட சண்டையே தேவலை, அதிலாவது ஒரு பக்கம் ஜெயித்திருக்கும் என்று பாய் என்னிடம் முணுமுணுத்தார்.

எனக்குத் தோன்றிய ஒரே வழியைச் சொன்னேன். மாலதி பாடுவதற்கு முன்னால் வெட்டிக்கொள்வோம். அவள் பகுதியின் முடிவில் வரும் ஆலாபனையிலும், கிட்டாரின் தொடக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துவிட்டால் கிட்டார் அந்த மோசமான இடத்துக்குப் போகாமலேயே முடிந்துவிடும். எதை எடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்று கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டது. இங்க. இன்னும் கொஞ்சம். அது வேணாம், அது நல்லா இருக்குது. போதும். இவ்வளவுதான் பேச்சு, ஆனால் நேராகப் பேசினார்கள். சாயங்காலத்துக்குள் தட்டு தயாராகிவிட்டது. அவள் குரல் பளிச்சென்று இருந்தது, கிட்டாரும் குறை சொல்ல முடியாது. அவர்கள் மறுபடி சேர்ந்து வாழவில்லை. கச்சேரி மட்டும் சேர்ந்து செய்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் வேனில் ஏறியபிறகு மாலதி மட்டும் எதையோ மறந்துவிட்டதுபோல் என்னிடம் திரும்பி வந்தாள்.

"ரேவதி, அவர் விடியக்காலையில பெங்களூர்ல இருந்து கெளம்பி வந்திருக்காரு. ஏதாவது சாப்பிட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?"

டாக்டரின் கடல்

திண்டிவனத்தில் ஒரு மாட்டு டாக்டர். ரிட்டையர் ஆனபிறகு கீபோர்டு வாங்கி, யூடியூப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டு, கடலைப் பற்றித் தனி ஆளாக ஒரு இசை செய்திருந்தார். ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அலை, புயல், மீன்பாடு, அமாவாசை என்று பகுதி பகுதியாகப் போகிறது. கல்யாண நாளுக்கு மனைவிக்குப் பரிசாகத் தட்டு வேண்டும் என்று அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு காரில் வந்திருந்தார். நன்றாகத்தான் வாசித்திருந்தார், புயல் பகுதியில் எனக்கே சிலிர்த்தது. ஆனால் அமாவாசை மட்டும் கால் மணி நேரம் ஒரே சுரத்தில் நிற்கும்.

இரண்டு தட்டு, நான்கு பக்கம் ஆகும் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. நடுவில் நடுவில் எழுந்து போய்த் திருப்ப வேண்டுமா, கேட்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்காதா என்று தயங்கினார். அதெல்லாம் ஒன்றுமில்லை, தட்டுப் பிரியர்களுக்கு அதுவே ஒரு ருசி என்று நான் சமாதானம் சொன்னேன். சரி என்று பகுதிகளைப் பிரிக்கப் பாயோடு உள்ளே போனார். தினமும் சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்து முழுசையும் கேட்கிறவர் இந்த அம்மாதானாம். நல்ல மனுஷி, ஒரு நாளும் பாதியில் எழுந்ததில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மா அவர் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"ஏம்மா, இருவது நிமிஷத்துக்கு ஒருதரம் இது தானாவே நின்னுடுமா? இப்படி ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா அவரு கீபோர்டு வாங்குன அன்னைக்கே வந்திருப்பேனே."

இந்தக் கொட்டகையில் இத்தனை நாள் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது, தன் பாட்டு நீளம் என்று ஒத்துக்கொண்ட ஒரு கலைஞரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் தட்டுதான் சின்னது.